யாருடைய குரல், யாரிடம் பேசும் குரல்: இராமநாதபுரத்துத் தன்வரலாறுகளும் நம் வகுப்பறைகளும்

1985-இல் இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. அதுவரை இராமேஸ்வரம் தீவு, இளையான்குடி வட்டாரம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து வத்திராயிருப்பு எல்லாம் ஒரே கலெக்டரின் ஆளுகைக்குள் இருந்த ஊர்கள். அந்தப் பழைய மாவட்டத்தில் பிறந்து, தம் பிள்ளைப் பருவத்தைப் புத்தகமாக்கிய மூவர் இன்று பாடநூல்களிலும் ஆய்வேடுகளிலும் இடம்பிடித்திருக்கிறார்கள். இராமேஸ்வரம் மசூதித் தெருவின் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியின் பாமா, இளையான்குடிப் பக்கத்து மாரந்தையின் கே.ஏ. குணசேகரன். நூல்கள் முறையே 'அக்னிச் சிறகுகள்' (ஆங்கில மூலம் 1999), 'கருக்கு' (1992), 'வடு' (2005). மூன்றிலும் படிக்கிற பிள்ளை ஒன்று வருகிறது. மூன்றிலும் அந்தப் பிள்ளையை ஒதுக்கி நிறுத்தும் கை ஒன்றும் வருகிறது. ஆனால் அந்தக் கையைப் பற்றிச் சொல்லும்போது ஒருவர் அமைதியாகப் பேசுகிறார், ஒருவர் சிரித்துக்கொண்டே தொடங்கிக் கொதிக்கிறார், இன்னொருவர் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே போகிறார்.

இந்த வேறுபாட்டை ஒரு மாணவர் காதில் விழவைப்பது எப்படி? தன்வரலாற்றைப் பாடமாக வைக்கும் எல்லா வகுப்பறைகளுக்கும் உரிய கேள்வி இது. தமிழ்நாட்டில் இதைப் பெரும்பாலும் கேட்காமலேயே கடந்துவிடுகிறோம் என்பது என் கருத்து.

பாடநூல்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 2018, 2019 ஆண்டுகளில் வந்த புதிய தமிழ்ப் பாடநூல்கள் தன்னைப் பற்றிய எழுத்துக்குத் தாராளமாகவே இடம் கொடுத்தன. பத்தாம் வகுப்பில் ம.பொ.சி.யின் 'எனது போராட்டம்' நூலிலிருந்து 'சிற்றகல் ஒளி' என்ற பகுதி. பன்னிரண்டாம் வகுப்பில் பாரதி பரலி சு. நெல்லையப்பருக்கு எழுதிய கடிதம். அதோடு, பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களைப் பற்றி உ.வே.சா. எழுதிய பகுதி. தேசியக் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி.யும் இதில் பின்தங்கவில்லை. 2006-இல் வந்த அதன் ஒன்பதாம் வகுப்பு ஆங்கில நூலில் கலாமின் இளமைக் காலப் பகுதி இடம்பெற்றது. பன்னிரண்டாம் வகுப்பின் துணைப்பாட நூலில் அமெரிக்கப் பூர்வகுடி எழுத்தாளர் ஜிட்கலா-ஷாவும் நம் பாமாவும் ஒரே பாடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தேர்ந்தெடுத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

சிக்கல், பாடம் முடிந்து கேள்விக்கு வரும்போது தொடங்குகிறது. ம.பொ.சி. ஏன் பள்ளிப் படிப்பை விட்டார், எல்லைப் போராட்டத்தில் என்ன செய்தார் என்பவை நெடுவினா ஆகின்றன. கலாமின் பெற்றோரிடமிருந்து அவருக்கு வந்த பண்புகள் என்ன, வேற்றுமை பாராட்டியவர் யார், அதை நீக்க முயன்றவர் யார் என்று ஆங்கிலப் பாடம் கேட்கிறது. இவை கேட்கக்கூடாத கேள்விகள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவற்றுக்கு விடை எழுத நூலாசிரியரின் குரல் தேவையில்லை. கோனார் உரையில் வரும் பொழிப்பே போதும். ம.பொ.சி. ஏன் அந்த மிடுக்கோடு பேசுகிறார், நடந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு எழுதும்போது எதை உரக்கச் சொல்கிறார், எதை ஒரே வரியில் தாண்டிப் போகிறார் என்று கேட்டால் பொழிப்பு கைகொடுக்காது. மாணவர் மூலத்தைத் திரும்பவும் புரட்டியாக வேண்டும். புரட்டவைக்காத கேள்வி இலக்கியக் கேள்வியே இல்லை என்று சொல்லும் அளவுக்கு நான் போவேன்.

இதற்கான கருவிகளுக்காகக் கடல் தாண்டிப் போகத் தேவையில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் ஒரு செய்யுளின் உறுப்புகளைப் பட்டியலிடும்போது யார் கூற்று, கேட்பவர் யார், களம் எது, காலம் எது, பயன் என்ன, அதில் தோன்றும் மெய்ப்பாடு எது, சொல்லாமல் விடப்பட்ட எச்சம் எது என்று வரிசையாக வைக்கிறது. கூடவே 'முன்னம்' என்று ஓர் உறுப்பு. இந்த இடத்தில் இந்தப் பேச்சு இன்னாருக்கு உரியது, இன்னாரிடம் சொல்லத்தக்கது என்று படிப்பவர் அறிந்துகொள்ள உதவும் குறிப்பு அது. அகப்பாடலுக்காகச் சொன்னதுதான். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் கையில் ஒரு தன்வரலாற்றுப் பக்கத்தைக் கொடுத்து, இந்த உறுப்புகளை மட்டும் கேள்விகளாக மாற்றிக் கேட்டுப் பாருங்கள். குரல் ஆய்வு என்று எதை மேல்நாட்டு வகுப்பறைகள் சொல்கின்றனவோ, அதன் முக்கால்வாசி வந்துவிடும்.

மேல்நாட்டிலிருந்து கடன் வாங்குவதானால் இரண்டு பேரிடம் வாங்கலாம். கேம்பிரிட்ஜில் பாடம் நடத்திய ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ், எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதிய கருத்துகளைத் திரட்டி 1929-இல் நூலாக்கினார். பெயர் தெரியாதபோது நன்றாகப் படித்தவர்களும் எப்படித் தடுமாறுகிறார்கள் என்பதை அந்த நூல் ஈவிரக்கமின்றிக் காட்டியது. ஒரு கூற்றில் நான்கு விதப் பொருள் இருக்கிறது என்றார் அவர்: சொல்லப்படும் செய்தி, அந்தச் செய்தியின்மேல் சொல்பவருக்குள்ள உணர்ச்சி, கேட்பவர்மேல் அவருக்குள்ள மனநிலை, அவருடைய நோக்கம். தொனி என்று அவர் குறித்தது மூன்றாவதை. நம் ஆசிரியர்கள் உணர்ச்சியையும் தொனியையும் ஒன்றாக்கி, 'சோகம்', 'மகிழ்ச்சி' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இன்னொருவர் பிரெஞ்சு அறிஞர் பிலிப் லெஜ்யூன். எழுதியவர், சொல்பவர், கதையில் வருபவர் மூவரும் ஒருவரே என்று வாசகரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம்தான் தன்வரலாறு என்றார், 1975-இல். இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் 'கருக்கு' உடனே இடறும். பாமா என்பதே புனைபெயர். நூலுக்குள் கதை சொல்பவருக்குப் பெயர் கிடையாது. ஓர் ஊரின், ஒரு தெருவின் குரலாகவே அந்த 'நான்' பேசுகிறது. அளவுகோல் இடறும் இடத்தில்தான் வகுப்பறை விவாதம் சூடு பிடிக்கும்.

இனி மூன்று நூல்களில் இரண்டையாவது பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கலாம் சொல்லும் பெஞ்சுச் சம்பவம் பலருக்கும் தெரிந்தது. இராமேஸ்வரம் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. முஸ்லிம் என்று காட்டும் தொப்பியோடு அவர் முன்வரிசையில், பூணூல் அணிந்த இராமநாத சாஸ்திரிக்குப் பக்கத்தில் உட்கார்வது வழக்கம். புதிதாக வந்த ஆசிரியருக்கு அது பொறுக்கவில்லை. கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிடுகிறார். வீட்டில் சொல்கிறார்கள். நண்பனின் தந்தையும் கோயில் அர்ச்சகருமான இலட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரை வரவழைத்து, குழந்தைகள் மனத்தில் நஞ்சைப் பரப்பக்கூடாது, மன்னிப்புக் கேளுங்கள், இல்லாவிட்டால் பள்ளியையும் தீவையும் விட்டுப் போய்விடுங்கள் என்கிறார். ஆசிரியர் மனம் மாறுகிறார்.

இதில் குரலைத் தேடச் சொன்னால் மாணவர் என்ன கண்டுபிடிப்பார்? முதலில், அழுவது யார் என்று பார்க்கச் சொல்லலாம். ஒதுக்கப்பட்டது கலாம், கண்ணீர் நண்பனுடையது. தன் வருத்தத்தைச் சின்ன வாக்கியத்தில் முடித்துக்கொண்டு, நண்பன் அழுத முகம்தான் மனத்தில் நின்றது என்று நகர்ந்துவிடுகிறார். இரண்டாவதாக, அந்த ஆசிரியர் எப்படிப் போகிறார் என்று பார்க்கலாம். அவர் வில்லனாகப் போகவில்லை, திருந்தியவராகப் போகிறார். அடுத்து வரும், அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் வீட்டுச் சம்பவமும் இதே வடிவம்தான். தம் சமையலறையில் ஒரு முஸ்லிம் பையனுக்குப் பரிமாற மறுத்த மனைவி, அடுத்த முறை தாமே உள்ளே அழைத்துப் பரிமாறுகிறார். காயம், தலையீடு, மனமாற்றம். 1999-இல், 67 வயதில், நாடறிந்த விஞ்ஞானி ஒருவர் இளைஞர்களைப் பார்த்துச் சொல்லும் கதை இப்படித்தான் அமையும். கேட்பவர் யார் என்ற கேள்வி இங்கே விடையாகவே கிடைத்துவிடுகிறது.

பாமாவின் பகுதிக்கு வருவோம். பள்ளி விட்டு வீடு திரும்பும் சிறுமி. பத்து நிமிட நடை, வேடிக்கை பார்த்துப் பார்த்து ஒரு மணி நேரமாகும். கடைத்தெரு, குரங்காட்டி, அரசியல் மேடை, பழக்கடை எல்லாம் கண்முன் ஓடுகின்றன. அப்போது தன் தெருப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தை அதன் கயிற்றை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நிலக்கிழாரிடம் கொடுக்கிறார். பொட்டலத்தைத் தொடாமல் அவர் போகும் கோலம் சிறுமிக்குச் சிரிப்பாக வருகிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு, அதனால்தான் கயிறு என்கிறான். அந்த இடத்தில் சிரிப்பு நின்று, பெரியவர்மேல் இரக்கமாகி, பிறகு கொதிப்பாகிறது.

எழுதும் பாமாவுக்குக் கயிற்றின் பொருள் முதல் வரியிலேயே தெரியும். தெரிந்தும் சிறுமியைச் சிரிக்க விடுகிறார். நம்மையும் சேர்த்துச் சிரிக்க வைக்கிறார். பிறகு அந்தச் சிரிப்புக்காக நம்மைக் கூச வைக்கிறார். மெய்ப்பாட்டியல் கண்ணோடு பார்த்தால் இது நகையிலிருந்து வெகுளிக்குப் போகும் பயணம். நகை பிறக்கும் நிலைக்களன்களில் பேதைமையும் ஒன்று என்கிறார் தொல்காப்பியர். சிறுமியின் சிரிப்பு அந்த வகை. வெகுளிக்கு அவர் சொல்லும் காரணங்களில் குடிகோள், அதாவது தன் குடிக்கும் சுற்றத்துக்கும் இழைக்கப்படும் கேடு, ஒன்று. சிறுமியின் கோபம் சரியாக அங்கே போய் விழுகிறது. அவளை யாரும் அடிக்கவில்லை, அவள் தெருப் பெரியவரைத்தான் கயிறு பிடிக்க வைத்தார்கள். மெய்ப்பாட்டியலை மனப்பாடப் பகுதியாக ஒப்பிக்கும் கல்லூரி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அதை ஒரு வடைப் பொட்டலத்தின் மேல் வைத்துப் பார்க்க யாரும் சொல்லித் தருவதில்லை.

கலாமின் சம்பவத்தையும் பாமாவின் சம்பவத்தையும் அடுத்தடுத்த பக்கங்களில் ஒட்டி ஒரே வகுப்பில் வாசிக்கக் கொடுத்தால், தொனி என்றால் என்ன என்று வரையறை சொல்லவே வேண்டியதில்லை. ஒன்றில் தலையிடும் பெரியவர் இருக்கிறார், அநீதி தீர்கிறது. மற்றதில் அண்ணன் விளக்குகிறான், படி என்கிறான், ஆனால் கயிறு அவிழவில்லை. ஒருவர் நாட்டைப் பார்த்துப் பேசுகிறார். இன்னொருவர் தன் தெருவைப் பார்த்துப் பேச, நாடு ஒட்டுக்கேட்கிறது. இதில் எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல மாணவரை அழைக்கக்கூடாது. அழைத்தால் வகுப்பு பட்டிமன்றமாகிவிடும்; பட்டிமன்றத்தில் குரலைக் கேட்க யாருக்கும் நேரமிருக்காது.

குணசேகரனின் 'வடு' மூன்றாவது கோணம். அவர் மேடைப் பாடகர். கீழக்கரையில் பிறந்த கவிஞர் இன்குலாபின் 'மனுசங்கடா' பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோன குரல் அவருடையது. நூலிலும் அந்த மூச்சு இருக்கிறது: சம்பவம், அடுத்த சம்பவம், நடுவே ஒரு கேலி, மறுபடி சம்பவம். நீதி சொல்லி எதையும் முடிப்பதில்லை. சுற்றுக் கிராமங்களில் முதல் கேள்வியாக வந்த சாதி, இளையான்குடி முஸ்லிம்களிடையே அப்படி வரவில்லை என்பதை அவர் பதிவு செய்கிறார். தீவில் முஸ்லிம் சிறுவன் கடைசி பெஞ்சுக்குப் போன கதையையும், இளையான்குடியில் முஸ்லிம்களிடையே ஒரு தலித் சிறுவன் சற்று மூச்சு விட்ட கதையையும் சேர்த்துப் படித்தால், 'ஒடுக்குமுறை' என்ற பெரிய தலைப்பு தூள் தூளாகி, ஊரும் தெருவும் ஆளும் தெரியத் தொடங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். தன்வரலாற்றை நீதிமன்றச் சாட்சியம்போல் படிக்கப் பழகிய மாணவர், ஒரு தகவல் பிசகினால் முழு நூலையும் சந்தேகப்படுவார். அல்லது, பெரியவர் சொன்னது என்பதால் பிசகைப் பார்க்கவே மறுப்பார். இரண்டுமே நல்ல வாசிப்பு இல்லை. இதற்கும் கலாமின் நூலிலேயே எடுத்துக்காட்டு கிடைக்கிறது. தமக்கு ஆறு வயதாகும்போது அப்பா ஜெயினுலாப்தீன் யாத்திரிகர்களை ஏற்றிச் செல்ல மரப் படகு கட்டியதை விரிவாகச் சொல்கிறார். தொழில் நன்றாக நடக்கும்போது ஒரு நாள் புயல் வந்து படகைக் கொண்டுபோகிறது. பயணிகளோடு ரயிலும் பாம்பன் பாலமும் சரிந்தன என்றும் அதே மூச்சில் சொல்கிறார். வரிசையைப் பார்த்தால் இது பிள்ளைப் பருவம். ஆனால் ரயிலைக் கொண்டுபோன புயல் 1964 டிசம்பர் 22 இரவு அடித்தது. தனுஷ்கோடி அழிந்தது அன்றுதான். பாம்பன்–தனுஷ்கோடி பயணிகள் ரயில் கடலுக்குள் போனது தனுஷ்கோடியை நெருங்கும்போது. பாம்பன் பாலமும் அன்று பலத்த சேதமடைந்தது, ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் அதைச் சீர்செய்தார்கள். அப்போது கலாமுக்கு 33 வயது. ராக்கெட் துறையில் இருந்தார்.

பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ உள்ள ஒரு வகுப்பில் இதைக் கொடுத்தால், பிள்ளைகளே பிசகைப் பிடித்துவிடுவார்கள். அவர்கள் வீடுகளில் அந்தப் புயலின் ஆண்டு பிறந்த நாள்போல் நினைவில் இருக்கும். பிடித்த பிறகு கேட்க வேண்டிய கேள்விதான் முக்கியம். நினைவு ஏன் இரண்டு காலங்களை ஒன்றாகக் கட்டியது? அழகாக மட்டும் தெரிந்த கடல் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகத் தன் வலிமையைக் காட்டிய தருணம் என்று அந்தப் பத்தி போகிறது. அந்தத் தருணத்துக்குப் பெரும் புயல் தேவைப்படுகிறது. தீவுக்காரர் எவருக்கும் பெரும் புயல் என்றால் நினைவுக்கு வருவது ஒன்றே ஒன்றுதான். இது என் ஊகம். மாணவர் வேறு காரணம் சொல்லலாம். அந்த நூல் கலாம் சொல்ல, அருண் திவாரி கூட இருந்து எழுதியது என்பதையும், நாம் படிப்பது மு. சிவலிங்கத்தின் தமிழாக்கம் என்பதையும் ஒருவர் கவனிக்கலாம். இராமேஸ்வரத்துத் தமிழில் நடந்த பிள்ளைப் பருவம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுத் தமிழுக்குத் திரும்பியிருக்கிறது. பள்ளிச் சுவர்களில் கலாம் பெயரில் எழுதிவைக்கும் பொன்மொழிகளில் இந்தச் சிக்கல் எதுவும் தெரியாது. சூழலைக் கழற்றிவிட்ட வாக்கியத்துக்குத் தொனி கிடையாது. கட்டளை மட்டும்தான் மிஞ்சும்.

'கருக்கு'க்கு நேர்ந்தது கலாம் நூலின் இந்த மொழிப் பயணத்துக்குத் தலைகீழான ஒன்று. தன் ஊர்ப் பேச்சுத் தமிழில், எழுத்துத் தமிழின் இலக்கணத்தைப் பொருட்படுத்தாமல் பாமா எழுதினார். அந்தத் துணிச்சல்தான் 1992-இல் பலரை அதிரவைத்தது. இன்று இராமநாதபுரத்திலோ விருதுநகரிலோ சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிக்கும் பிள்ளை அந்தப் பகுதியை லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கிலத்தில் படிக்கிறது. நல்ல மொழிபெயர்ப்பு, ஆனால் அந்தப் பிள்ளையின் பாட்டி பேசும் மொழியில் எழுதிய பக்கம், பாட்டிக்குப் புரியாத மொழியில் பாடமாக வருகிறது. ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் அடுத்தடுத்த அறையில்தானே இருக்கிறார்கள்? அந்த ஒரு வாரம் மூலத்தின் நான்கு பக்கத்தைத் தமிழ் வகுப்பில் வாய்விட்டுப் படித்தால் போதும்.

வாய்விட்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன். இராமநாதபுரக் கரையின் பிள்ளைகள் குரலை அறியாதவர்கள் இல்லை. அப்பா கடலிலிருந்து வந்ததும் முதல் சொல்லிலேயே மீன்பாடு எப்படி என்று தெரிந்துகொள்ளும் பிள்ளைகள் இவர்கள். அந்தக் காதைக் காகிதத்துக்குக் கொண்டுவர ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். வகுப்புக்காக நானே எழுதிய மூன்று கூற்றுகள் இவை.

முதலாவது, அறிக்கை: 'எல்லை தாண்டி மீன்பிடித்ததாக இரண்டு விசைப்படகுகள் சிறைபிடிக்கப்பட்டன. அவற்றில் இருந்த மீனவர்கள் நீதிமன்றக் காவலில் வைக்கப்பட்டனர்.'

இரண்டாவது, ஒரு பெண் பக்கத்து வீட்டாரிடம் சொல்வது: 'டோக்கன் போட்டுத்தாங்க்கா போனாக. சோத்துத் தூக்குக்கு மூடி சேரலன்னு என்னய ஏசி, மூடிய இங்கனயே போட்டுட்டுப் போயிட்டாக. எந்த போட்டப் புடிச்சாகன்னு கேட்டா, பாத்துச் சொல்றோம்கிறாக.'

மூன்றாவது, அதே பெண் அதிகாரியிடம்: 'எங்க வீட்டுக்காரர் கூலிக்குப் போனவருங்கய்யா. படகு அவருதில்லைங்க. மூணு பிள்ளைங்க இருக்குங்கய்யா.'

செய்தி ஏறக்குறைய ஒன்று. முதலாவதில் பிடித்தது யார் என்றே தெரியவில்லை. 'பட்டன', 'பட்டனர்' என்ற செயப்பாட்டு வினைகள் செய்தவரை மறைத்துவிட்டன. இரண்டாவதில் கணவருக்குப் 'போனாக'. பிடித்தவர்களுக்கும் அதே 'ஆக'. மரியாதையா, இடக்கா என்று விவாதிக்கலாம். சோற்றுத் தூக்கின் மூடி அங்கே தேவையில்லாத தகவல். அந்தத் தேவையில்லாத தகவலில்தான் அவள் இருக்கிறாள். மூன்றாவதில் மூடி இல்லை; கேட்பவர் மாறியதும் அது உள்ளே போய்விட்டது. வாக்கியத்துக்கு வாக்கியம் 'ங்க' வந்து ஒட்டிக்கொள்கிறது. ரிச்சர்ட்ஸ் சொன்ன கேட்பவர்மேலான மனநிலையைத் தமிழ் வினைமுற்றின் வாலிலேயே கட்டி வைத்திருக்கிறது. பேசப்படுபவர்மேலான மரியாதையும் அதே வாலில்தான்: வந்தான், வந்தார், வந்தாக, வந்துச்சு என்று வட்டமிட்டுக்கொண்டே போனால், ஒரு தன்வரலாற்றில் யாருக்கு எவ்வளவு மரியாதை, எந்தப் பக்கத்தில் அது குறைந்தது என்பது வரைபடம்போல் வெளிப்படும். ஆங்கிலப் பயிற்சி நூல்களில் இந்த வசதி கிடையாது. நம் இலக்கண வகுப்பு விகுதியைப் பிரித்துக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறது.

பேச்சுக் கதைகளைத் தேடி வெகுதூரம் போகவும் வேண்டாம். பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்கென்றே ஒலிபரப்பாகும் 'கடல் ஓசை' 90.4 சமுதாய வானொலி இருக்கிறது. திருப்புல்லாணி வட்டாரத்துப் பாரதிநகரில் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி 'பாரி' இணைய ஆவணகம் வெளியிட்ட பதிவுகள் தமிழில் கிடைக்கின்றன. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, புடவைமேல் சட்டை மாட்டிக்கொண்டு மூச்சடக்கி முங்கும் அந்தப் பெண்களின் சொற்களைச் செய்தியாளர் எங்கே அப்படியே விடுகிறார், எங்கே தன் வாக்கியத்தால் மூடுகிறார் என்று பார்ப்பதே ஒரு வகுப்புக்குக் காணும்.

படிப்பதிலிருந்து எழுதுவதற்கு நகரும்போது மட்டும் கால் மெதுவாக வைக்க வேண்டும். 'உன் கதையை எழுது' என்பது எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரிக் கேட்காது. மண்டபம் முகாமில் 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து படகேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்; 2022-இல் இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் அரிச்சல்முனைப் பக்கம் வந்திறங்கிய குடும்பங்களும் வந்து சேர்ந்தன. 2021-இலேயே அரசு இத்தகைய முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியிருந்தது. ஆனால் அங்கே வளரும் பிள்ளைக்குத் தன் கதை என்பது அதிகாரிகள் கேட்டு எழுதிக்கொள்ளும் விவரம்: எப்போது வந்தீர்கள், எந்தப் படகு, எத்தனை பேர். அதே கேள்வியை வகுப்பறையும் கேட்டால் பிள்ளை பாடமாகச் சொல்லிப் பழகிய விடையையே தரும். அப்பா சிறையில் இருக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைக்கும் இதே கதைதான். சொல்லாமல் விடும் உரிமையையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். எச்சம் என்ற உறுப்பு அதற்கும் இடம் தருகிறது.

தன் கதையை எழுதுவதில் உ.வே.சா. நல்ல வழிகாட்டி. 1880-இல் கும்பகோணத்தில் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரிடம் தாம் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கியதையும், அவர் கொஞ்சமும் அசையாமல் 'சீவக சிந்தாமணி' படித்ததுண்டா என்று கேட்டதையும் 'என் சரித்திர'த்தில் சொல்கிறார். தமிழ்த் தாத்தாவாகிவிட்டவர், தன் இளமைச் செருக்கு உடைந்த இடத்தை ஒளிக்காமல், மிகைப்படுத்தாமல், மெல்லிய சிரிப்போடு எழுதுகிறார். இழிவையும் இழப்பையும் மட்டுமே உண்மைக் கதை என்று நம்பத் தொடங்கும் மாணவருக்கு இந்தப் பக்கத்தைக் கொடுக்கலாம். சின்ன அவமானத்தையும் நேர்மையாகச் சொன்னால் அது இலக்கியமாகும் என்று பிடிபடும்.

ஆசிரியர்கள் தரப்பில் ஒரு நியாயமான தயக்கம் உண்டு. தொனிக்கு மதிப்பெண் போடுவது எப்படி? ஒருவர் 'அமைதி' என்று எழுதுவார், இன்னொருவர் 'அடக்கிய கோபம்' என்று எழுதுவார். விடைக்குறிப்பில் எது சரி? இரண்டும் சரியாகலாம். எந்த வரியை வைத்துச் சொல்கிறாய் என்பதற்குத்தான் மதிப்பெண். பெயர் சூட்டியதற்கு ஒன்று, வரியைச் சுட்டியதற்கு இரண்டு, அந்த வரி எப்படி அதைச் செய்கிறது என்று விளக்கியதற்கு இரண்டு. திருத்துபவர் படிக்க வேண்டியது கூடும் என்பது உண்மைதான். பொதுத்தேர்வு முகாமில் நாள்தோறும் கட்டுக் கட்டாகத் தாள் திருத்துபவரிடம் இதைச் சொல்லக் கூச்சமாகவும் இருக்கிறது. அதனால் எல்லாக் கேள்வியையும் மாற்றுங்கள் என்று கேட்கவில்லை.

வினாத்தாள் அமைப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில், பாடநூலில் இல்லாத ஒரு தன்வரலாற்றுப் பத்தியைப் பத்து வரிக்குள் கொடுங்கள். எழுதியவர் பெயரைப் போடாதீர்கள். 'இவர் யாரிடம் பேசுகிறார்? எந்த வரியிலிருந்து அப்படிச் சொல்கிறீர்கள்?' என்று மட்டும் கேளுங்கள். ஐந்து மதிப்பெண் போதும். கேள்வி வந்துவிட்டால், அடுத்த ஆண்டே கோனார் உரையிலும் அதற்கு ஒரு பக்கம் வந்துவிடும்.